ஆண்டுக்கு ஒரு சுற்றுலாவா, வாரம் ஒரு பாடவேளையா? பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்பிப்பது குறித்து

சிறுபாதை (தொடக்கப்பள்ளி ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியலும் சூழலியலும் கற்பிக்கிறேன். அடுத்த கல்வியாண்டுக்கான திட்டத்தை வகுக்கும்போது எங்கள் ஆசிரியர் குழுவில் எழுந்த கேள்வி ஒன்றை இங்கே வைக்கிறேன். இயற்கைக் கல்விக்கென்று ஒதுக்கப்படும் நேரமும் பணமும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை விலங்குக் காட்சிச்சாலைக்கோ சரணாலயத்துக்கோ சென்று திரும்பும் ஒரே நாளில் கரைந்துவிடுகின்றன. அந்த நாளில் பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று பார்த்த உயிரினம் மறுவாரம் என்ன செய்கிறது, மழை வந்தால் எங்கே ஒதுங்குகிறது, போன மாதம் இருந்தது இந்த மாதம் ஏன் இல்லை என்றெல்லாம் கேட்க அந்தப் பயணம் இடம் தருவதில்லை.

பள்ளி வளாகத்திலோ நடந்து செல்லும் தொலைவிலோ ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் வாரம் ஒரு பாடவேளை அதே இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. யுனெஸ்கோ 1977இல் திபிலிசியில் கூட்டிய மாநாடு, சூழல் கல்வியின் நோக்கங்களாக விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு ஆகிய ஐந்தையும் வகுத்தது. ஒரு நாள் சுற்றுலா முதல் இரண்டை ஓரளவு தொடலாம். மற்ற மூன்றும் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே வருபவை என்று நம்புகிறேன். மாற்றுக் கருத்துடையவர்கள் தயங்காமல் எழுதுங்கள். குழுவில் வாதிடுவதற்கு முன் என் திட்டத்தின் ஓட்டைகளை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

நேரப்பட்டியல் (பள்ளி நிர்வாகப் பொறுப்பு)

ஆசிரியை அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். நடைமுறைச் சிக்கல்களைச் சொல்லியே ஆக வேண்டும். வாரம் ஒரு பாடவேளை என்றால், வகுப்பைத் திரட்டி வெளியே கொண்டுசென்று மீண்டும் உள்ளே அமர்த்துவதற்கே பாதி நேரம் போய்விடும். வெளியே சென்று வந்த பிள்ளைகள் அடுத்த பாடவேளையில் அடங்கி உட்காருவதில்லை என்ற புகார் மற்ற ஆசிரியர்களிடமிருந்து கட்டாயம் வரும். பாடத்திட்டத்தை முடிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நிர்வாகியே. சுற்றுலாவுக்கு ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கிடலாம், பெற்றோரிடம் ஒப்புதல் பெறலாம், ஒரே நாளில் முடித்தும் விடலாம். வாரந்தோறும் நிகழும் ஒன்றுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை.

மழைமானி (கல்வி ஆய்வு)

அடுத்த பாடவேளையில் அடங்க மாட்டார்கள் என்ற அச்சத்தைப் பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் ஒரே வகைப் பாடத்தை ஒரு முறை புல்வெளியிலும் ஒரு முறை வகுப்பறையிலும் நடத்தினார். இரண்டுக்கும் பின் வந்த பாடவேளைகளில் பிள்ளைகளின் கவனத்தை ஆசிரியர் எத்தனை முறை திருப்ப வேண்டியிருந்தது என்று எண்ணினார்கள். வெளியே நடந்த பாடத்துக்குப் பின் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டே வகுப்புகளில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் புகார் எழும் என்று உறுதியாகச் சொல்வதற்கு எதிரான சான்று இது.

இனி ஆசிரியை அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறு வயதில் வெளியே திரிந்தவர்களே பின்னாளில் இயற்கையைக் காப்பவர்கள் ஆகிறார்கள் என்று குழுவில் வாதிட நேர்ந்தால் எச்சரிக்கை தேவை. 1980இல் தாமஸ் டேனர் இயற்கைப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றுபவர்களிடம் உங்களை இதற்குள் ஈர்த்தது எது என்று கேட்டபோது, இளம் வயதில் திறந்தவெளியில் கழித்த நாள்களையே மிகுதியானோர் குறிப்பிட்டார்கள். லூயிஸ் சாவ்லா போன்றோரின் பிந்தைய ஆய்வுகளும் அதையே கண்டன; கூடவே, உடன் நின்று ஆர்வத்துடன் பார்த்த ஒரு பெரியவரின் பங்கையும் சேர்த்தன. ஆனால் இவை எல்லாம் பின்னோக்கிக் கேட்கப்பட்ட கேள்விகள். அதே போல ஆற்றங்கரையில் திரிந்துவிட்டுப் பிறகு இயற்கையைத் திரும்பியும் பாராதவர்கள் எத்தனை பேர் என்று இவ்வகை ஆய்வு சொல்லாது. ஆகவே உங்கள் திட்டத்துக்கான காரணத்தை எதிர்காலப் பயனில் வைக்காமல், இப்போது பிள்ளை என்ன கற்கிறது என்பதில் வையுங்கள்.

சிறுபாதை

மழைமானி அவர்களின் எச்சரிக்கையை ஏற்கிறேன். இப்போது என்ன கற்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மழை படாத சுவரோரத்து நுண்மணலில் புனல் வடிவக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். குழியானை என்று நாம் சொல்லும் பூச்சியின் இளம்பருவம் அதன் அடியில் புதைந்திருக்கும். பிள்ளைகளை அதன் அருகே உட்காரவைத்து, எதையும் விளக்காமல் சிறிது நேரம் காத்திருக்கச் சொன்னேன். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரிந்தது. எறும்பு ஏற முயன்றபோது அடியிலிருந்து மணல் தெறித்து அதன் மேல் விழுந்தது. யார் எறிகிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டாள். வேறொருவன் குழிக்குப் பக்கத்திலேயே விரலால் ஒரு குழி தோண்டினான்; அதன் ஓரம் இடிந்து நிரம்பிவிட்டது. ஏன் அதன் குழி நிற்கிறது, என் குழி நிற்கவில்லை என்ற அவனுடைய கேள்வி, மணல் சரியாமல் நிற்கும் உச்சச் சாய்வு என்ற இயற்பியலுக்கு எங்களை இட்டுச் சென்றது. அந்தச் சாய்வின் விளிம்பிலேயே குழி அமைந்திருப்பதால்தான் எறும்பின் சிறு எடைக்கே மணல் சரிகிறது.

அடுத்த வாரம் சென்றபோது சில குழிகளைக் காணவில்லை. இரவில் மழைச்சாரல் அடித்திருந்தது. குழி அழிந்தால் பூச்சி செத்துவிடுமா, இடம் மாறுமா என்று விவாதம் எழுந்தது. நான் பதில் சொல்லவில்லை. அழிந்த இடங்களைக் குச்சி நட்டு அடையாளமிட்டுக் காத்திருந்தோம். மணல் காய்ந்ததும் குச்சிகளுக்கு அருகிலேயே புதிய குழிகள் தோன்றின. அந்தப் பூச்சி பின்னோக்கியே நகர்கிறது என்பதையும், மணலில் அது விட்டுச் செல்லும் வளைந்த கோடுகளையும் பிள்ளைகளே கண்டறிந்தார்கள். வளர்ந்தபின் அது ஊசித்தும்பியைப் போன்ற சிறகுள்ள பூச்சியாகும் என்று நான் சொன்னபோது அவர்கள் நம்ப மறுத்தார்கள். சரிபார்க்கும் வழியையும் அவர்களே கேட்டார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒரு நாள் சுற்றுலாவில் இந்தப் படிகளில் முதலாவது மட்டுமே நிகழ்ந்திருக்கும்.

இருபிள்ளைத்தாய் (பெற்றோர்)

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தாயாக என் முதல் கேள்வி பாம்பும் குளவியும் பற்றியது. மணலில் விரலை விடச் சொல்கிறீர்கள். அந்த மணலில் வேறு என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என் இளைய மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. வெளியே சென்று வந்த நாளில் அவளுக்கு இழுப்பு வந்தால் யார் பொறுப்பு? எதிர்ப்பதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லாமல் என்னால் ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிட முடியாது.

வெண்கோட்டு (குழந்தைநலச் செவிலியர்)

அம்மா, உங்கள் கேள்விகள் அனைத்தும் நியாயமானவை. பாதுகாப்பானதா என்று மட்டும் கேட்டால் விடை எப்போதும் இல்லை என்றுதான் வரும். என்ன நன்மை, என்ன ஆபத்து, அந்த ஆபத்தைக் குறைக்க என்ன செய்கிறோம் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதே சரியான முறை.

பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியர் அந்த இடத்தை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடக் கூடாது, கல்லையோ மரத்துண்டையோ தன் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளாமல், எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகத் தூக்க வேண்டும் என்ற பழக்கங்களை முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும். அப்படித் தூக்கினால் உள்ளே இருக்கும் உயிருக்கும் பிள்ளைக்கும் நடுவே அந்தக் கல்லே தடுப்பாக நிற்கும். வெளியேறும் வழி பிள்ளைக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும். இடி கேட்டால் உடனே உள்ளே திரும்பி, கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. மூச்சிரைப்பு உள்ள பிள்ளையின் மருந்து உறிஞ்சி அலுவலக அலமாரியில் இருந்து பயனில்லை. அது வெளியே செல்லும் ஆசிரியரின் பையில் இருக்க வேண்டும். பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியலும் மருந்தும் அவ்வாறே. திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

உள்ளேயே இருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிட வெளிப்புறச் செயல்பாட்டைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வைக் குறைபாடு அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கும் மற்றவற்றில் 39.5 விழுக்காட்டினருக்கும் புதிதாக ஏற்பட்டது. வாரம் ஒரு பாடவேளையால் இந்தப் பயன் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வில் இருந்தது நாள்தோறும் 40 நிமிடம். ஆனால் கதவைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணத்தை அது அசைக்கிறது.

இருபிள்ளைத்தாய்

மருந்து ஆசிரியரின் பையில் இருக்க வேண்டும் என்பதே நான் எதிர்பார்த்த விடை. அது எழுத்தில் இருந்தால் என் பங்குக்கு ஒப்புதல் உண்டு.

தெற்குச்சாளரம் (உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்)

இதுவரை நடந்த உரையாடலில் ஒரு பெரிய குறை தெரிகிறது. குழியானையைப் பார்ப்பது நல்லதே. ஆனால் புவி வெப்பமாகிறது, உயிரினங்கள் அழிகின்றன, நீர்நிலைகள் நஞ்சாகின்றன. இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் பூச்சிகளை ரசிக்கக் கற்பித்தால் அது சூழல் கல்வி ஆகுமா? இந்த உலகில் வாழப் போகிறவர்கள் அவர்கள்தாம். உண்மையை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு.

மழைமானி

வயதைப் பிரித்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1990களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பிள்ளை தன் கைக்கெட்டும் இயற்கையோடு பழகுவதற்கு முன்பே எங்கோ எரியும் காட்டைப் பற்றியும் அழியும் விலங்குகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தால், அது இயற்கையை எண்ணியதும் அஞ்சி விலகத் தொடங்கும் என்பது அவர் கருத்து. ஆகவே நான்காம் வகுப்புக்கு முன் பேரழிவுகள் வேண்டாம் என்றார். இது ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட விதி இல்லை. ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளையிடம் தீர்க்க வழியில்லாத துயரத்தை ஒப்படைப்பதால் அது எந்தத் திறனையும் பெறுவதில்லை என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

பதின்பருவத்தினரிடம் மறைக்கத் தேவையில்லை. அப்போதும் சிக்கலைச் சொல்லும் அதே வகுப்பில் அதற்காகச் செய்யப்பட்டதையும் சொல்ல வேண்டும். ஓசோன் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்களே அது மெலிவதற்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள்; 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவானது; உலக நாடுகள் அவற்றைப் படிப்படியாகக் கைவிட்டன. இன்றைய கொள்கைகள் நீடித்தால் தென்துருவத்தின் மேலுள்ள ஓசோன் 2066 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவில் அமைந்த அறிவியல் குழு மதிப்பிட்டிருக்கிறது. இதைக் கற்ற மாணவர் அளவீடு, சான்று, சட்டம் ஆகியவை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் கற்கிறார்.

தெற்குச்சாளரம்

பதின்பருவத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சிறு பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வெள்ளத்தையும் காட்டுத்தீயையும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் பேசாவிட்டால் அவர்கள் தனியே அஞ்சுவார்கள். பிள்ளையே கேட்டால் எந்த வயதிலும் உண்மையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்பதில் நான் பின்வாங்க மாட்டேன்.

இலைநரம்பு (தாவரவியலர்)

பெயர்களைக் கற்பிப்பது பற்றி ஒருவரும் பேசவில்லை. 2002இல் பிரித்தானியாவில் நான்கு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் போகிமான் என்ற விளையாட்டில் வரும் கற்பனை உயிரினங்களின் படங்களையும் உள்நாட்டுத் தாவரங்கள், விலங்குகளின் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமான்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடையாளம் கண்டார்கள். உண்மையான உயிரினங்களில் பாதியைக்கூடக் காணவில்லை. பலர் இதைப் பிள்ளைகளின் குறையாகப் பேசுகிறார்கள். எனக்கோ அவர்களின் ஆற்றல்தான் தெரிகிறது. நுணுக்கமான வேறுபாடுகளைக் கண்டு நூற்றுக்கணக்கான பெயர்களை மனத்தில் நிறுத்த அவர்களால் முடியும். அந்த வாய்ப்பை இயற்கையில் நாம் தரவில்லை.

ஆயினும் பெயரை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளை அதோடு பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஓர் இலையைக் கையில் கொடுத்து, இதைத் தின்றது யார் என்று கேட்டுப் பாருங்கள். விளிம்பில் வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் அது கூடு கட்ட இலைத்துண்டு எடுத்துச் சென்ற தேனீயின் வேலையாக இருக்கலாம். ஒழுங்கற்ற பெரிய கடிகள் கம்பளிப்பூச்சியினுடையவையாக இருக்கக்கூடும். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே வெளிறிய கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடினால், அதன் ஒரு முனை நூல்போல் மெலிந்தும் மறு முனை தடித்தும் இருப்பதைக் காட்டுங்கள். உள்ளே குடைந்து தின்றுகொண்டே போன புழு வளர வளரப் பாதையும் அகன்றிருக்கிறது. எந்த முனையில் முட்டை இருந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் ஒரு சொல். கண்ட உயிரினத்தின் படத்தைப் பதிவிட்டு அடையாளம் காண உதவும், 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் அவற்றில் இடக்குறிப்போடு பதிவிடும்போது பிள்ளைகள் நாள்தோறும் இருக்கும் இடம் பொதுவெளிக்குச் செல்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆசிரியரின் கணக்கில், இருப்பிடத்தை மறைத்துப் பதிவிடுவதே முறை. பிள்ளை முதலில் தன் குறிப்பேட்டில் வரைந்து, தன் ஊகத்தை எழுதிய பின்னரே செயலியைத் திறக்க வேண்டும்.

படிக்கட்டு (சிறப்புக் கல்வி ஆசிரியர்)

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை அடைய முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அவருக்கு என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் பறவைக் குரல்களையும் பட்டைகளின் சொரசொரப்பையும் மற்றவர்களைவிட நுட்பமாகப் பிரித்தறிவதைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குழுவின் செவியாக அமர்த்துங்கள்.

சுவர்ப்பாசி (நகர்ப்புறப் பள்ளி ஆசிரியர்)

எங்கள் பள்ளியில் மண்ணே இல்லை. முற்றம் முழுவதும் சிமெண்ட். இந்த இழையில் சொல்லப்படுபவை எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா?

இலைநரம்பு

நிச்சயமாகப் பொருந்தும். நிழல் விழும் சுவரிலும் வெயில் விழும் சுவரிலும் பாசி எங்கே படர்கிறது என்று ஒப்பிடலாம். சிமெண்டின் வெடிப்பில் முளைத்த ஒரு செடி எந்த வாரம் பூக்கிறது, அதை நாடி என்னென்ன வருகின்றன என்று ஆண்டு முழுவதும் குறித்து வரலாம். வெயிலில் கிடக்கும் தரை, நிழலில் உள்ள தரை, தொட்டிச் செடியின் அடி ஆகிய மூன்றிலும் ஒரே நேரத்தில் வெப்பநிலையை அளந்து பாருங்கள். நடைபாதை மரத்தின் பட்டையில் ஒட்டியிருக்கும் சாம்பல், பச்சை நிறத் திட்டுகளுக்கு லைக்கன் என்று பெயர். பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர் அது. அதன் இனங்களில் பல கந்தக டை ஆக்சைடைத் தாங்காதவை. போக்குவரத்து மிகுந்த சாலையோர மரங்களையும் உள்தெரு மரங்களையும் ஒப்பிட்டால், பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றி வலுவான கேள்விகள் பிறக்கும். ஒளி, ஈரம், பட்டையின் தன்மை ஆகியவையும் வேறுபடலாம் என்பதால் உடனே முடிவுக்கு வரவிடாதீர்கள்.

நேரப்பட்டியல்

என் ஐயங்களில் சில குறைந்திருக்கின்றன. இன்னும் ஒன்று இருக்கிறது: இதை எப்படி மதிப்பிடுவீர்கள்? மதிப்பெண் இல்லாத எதுவும் எங்கள் நேரப்பட்டியலில் நீண்ட நாள் தங்கியதில்லை. மரக்கன்று நடும் விழாவைப் போல ஒரு நாள் படம் எடுத்துக் கோப்பில் வைக்கும் நிகழ்வாக இதுவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறேன்.

சிறுபாதை

மரக்கன்று விழாவைக் குறிப்பிட்டது மிகப் பொருத்தம். நட்ட கன்றுக்கு அடுத்த கோடையில் யார் நீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்காத விழாவை இயற்கைக் கல்வி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. 1840இல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் (குழந்தைகளின் தோட்டம்) என்று பெயரிட்ட ஜெர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபெல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தியும் எல்லாருக்கும் பொதுப் பாத்தியும் வைத்தார். தன் பாத்தி வாடினால் அது தன் பொறுப்பு, பொதுப் பாத்தி வாடினால் அது அனைவரின் பொறுப்பு என்ற அந்த அமைப்பையே நானும் பின்பற்ற எண்ணுகிறேன்.

மதிப்பீட்டுக்குக் களக்குறிப்பேட்டை எடுத்துக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியலுக்கு மதிப்பெண் கிடையாது. நாள், நேரம், வானிலை ஆகியவற்றைப் பதிந்திருக்கிறாரா. கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதியிருக்கிறாரா. முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டிருக்கிறாரா. அடுத்த வாரம் பார்ப்பதற்கு ஒரு கேள்வியை விட்டு வந்திருக்கிறாரா என்ற நான்கையும் பார்ப்பேன். சருகைப் புரட்டி ஒரு பிள்ளை எழுதிய குறிப்பு இது: "நிறையக் கால் உள்ள பூச்சிகள் இரண்டு வகை. ஒன்றுக்கு ஒரு வளையத்தில் நாலு கால், தொட்டால் சுருள்கிறது. இன்னொன்றுக்கு ஒரு வளையத்தில் இரண்டு கால், வேகமாக ஓடுகிறது, தொடவில்லை." மரவட்டை, பூரான் என்ற பெயர்கள் அவளுக்கு அப்போது தெரியாது. எனினும் விலங்கியலாளர்கள் கைக்கொள்ளும் வேறுபாட்டையே அவள் கண்டுவிட்டாள், தொடாமல் இருக்கவும் அறிந்திருந்தாள். அந்தக் குறிப்புக்கு முழு மதிப்பெண் தருவேன்.

சுற்றுலாவை அறவே நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்டின் இறுதியில், பார்க்கப் பழகிய கண்களோடு பிள்ளைகள் சரணாலயத்துக்குச் செல்லட்டும். அங்கே என்ன பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தெற்குச்சாளரம் அவர்கள் சொன்னபடி, பிள்ளை கேட்டால் எந்த வயதிலும் உண்மையைச் சொல்வது என்பதைத் திட்டத்தில் சேர்க்கிறேன். எந்த அளவுக்குச் சொல்வது என்பதில் நமக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அதை எங்கள் குழுவும் விவாதிக்கட்டும்.

பெற்றோருக்கான கடிதத்தின் வரைவை நாளை இங்கே பதிவிடுகிறேன். மருந்துப் பை, ஒவ்வாமைப் பட்டியல், இடி பற்றிய விதி ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறேன். விடுபட்டது ஏதேனும் இருந்தால் வெண்கோட்டு அவர்கள் சுட்டிக்காட்ட வேண்டும். குறிப்பேட்டுக்கான நான்கு கேள்விகளை மழைமானி அவர்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் மகிழ்வேன்.